கூலிக்கு மாரடியாத குரல்: கோதிக் மெற்றலும் ஒரு நோர்வேஜியப் பாடகியும்

மொன்றியல் நகரில் 1996 இல் தொடங்கி 2015 இல் கலைந்துபோன ‘அன்எக்ஸ்பெக்ட்’ என்னும் இசைக்குழுவை எமது வாசகர்களில் எத்தனைபேர் அறிந்திருப்பார்கள் என்பது சந்தேகமே. கோட்-டெ-நேஜிலும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் நாம் நூல் வெளியீடுகளும் விவாதக் கூட்டங்களும் நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரில், ஒன்பது நரம்பு பூட்டிய பேஸ் கிற்றாரையும் வயலினையும் வைத்துக்கொண்டு இவர்கள் எவருக்கும் எளிதில் பிடிபடாத ஓர் இசையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் உறுமுவார்கள். அவர்களுக்கு நடுவே லெய்லிண்டெல் என்ற மேடைப்பெயர் கொண்ட பெண் பாடுவாள், சிரிப்பாள், கிறீச்சிடுவாள். 2006 இல் வந்த அவர்களது ‘இன் எ ஃபிளெஷ் அக்குவேரியம்’ என்ற குறுந்தட்டு வீட்டில் பிள்ளைகளின் அறையிலிருந்துதான் எனக்கு அறிமுகமாயிற்று. முதலில் எரிச்சல். பிறகு ஒரு கேள்வி. ஆண்களின் உறுமலுக்கு நடுவே ஒரு பெண் குரலை வைக்கும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? அதைப் பின்னோக்கித் தேடிப் போனதில் வந்து சேர்ந்த இடம், நோர்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் நகரைச் சேர்ந்த ‘த தேர்ட் அன்ட் த மோர்ட்டல்’ என்ற குழு 1994 இல் வெளியிட்ட ‘ரியர்ஸ் லெய்ட் இன் ஏர்த்’ என்னும் இசைத்தட்டு. இக்கட்டுரை அதைப் பற்றியும், அதில் பாடிய காரி ருயெஸ்லோத்தன் என்ற பெண்ணைப் பற்றியும், அவருக்கு அடுத்த ஆண்டு நேர்ந்தது பற்றியுமானது. அந்த நிகழ்வு எமக்கும் எமது அண்மைய வரலாற்றுக்கும் மிகவும் வேண்டியது என்பது எனது எண்ணம்.

நண்பர்கள் சிலர் உடனே முகம் சுளிப்பார்கள். புளூஸ், ஜாஸ், ரெகே பற்றி எமது சஞ்சிகைகளில் எழுதலாம். அவை ஒடுக்கப்பட்டோரின் இசை. ஹெவி மெற்றல் என்பதோ வெள்ளைப் பெடியங்கள் தலைமயிரை விரித்துப்போட்டு ஆடுகிற கூச்சல், அதற்கு ஏன் இத்தனை பக்கம் என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியில் உள்ள அரைவாசி உண்மையை மறுக்க வேண்டியதில்லை. மறு அரைவாசிக்காக, இந்த இசை பிறந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் தகடு வெட்டும் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்த பதினேழு வயது இளைஞன் ரொனி அயோமி, இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைப் பறிகொடுத்தான். இடக்கை வாத்தியக்காரனான அவனுக்கு நரம்பை அழுத்துகிற கை அதுதான். உருக்கிய பிளாஸ்ரிக்கில் விரலுறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய நரம்புகளைப் பூட்டி, நாளடைவில் அவற்றின் இழுவையையும் தளர்த்தி வாசித்தான். நரம்பு தளர்ந்தபோது ஒலி கீழிறங்கியது, கனத்தது. 1970 இல் ‘பிளக் சபத்’ என்ற பெயரிலேயே வந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டோடு ஹெவி மெற்றல் தொடங்குகிறது எனலாம். ஆலை தின்ற விரல்களிலிருந்து வந்த இசை அது. இதற்குள் வர்க்கம் இல்லை என்று எவராவது சொன்னால் அவர்களோடு தனியாக ஒரு விவாதம் வைத்துக்கொள்ளலாம்.

அந்த இசையின் மெதுவான, கனத்த கிளையிலிருந்துதான் 90களின் தொடக்கத்தில் ‘கோதிக் மெற்றல்’ என்று பெயர் பெற்றது கிளைத்தது. பெயரைத் தந்தது 1991 இல் வந்த ‘கோதிக்’ என்னும் இசைத்தட்டு. செய்தவர்கள் ‘பரடைஸ் லொஸ்ற்’ குழுவினர். ஊர் ஹலிஃபக்ஸ், கம்பளி ஆலைகள் மூடிக்கொண்டிருந்த யோர்க்‌ஷயர் நகரம். அதில் பாடகரின் உறுமலுக்கு இடையிடையே சேரா மரியன் என்ற பெண்ணின் குரல் எட்டத்திலிருந்து வந்துபோகும். 1987 இலேயே சுவிஸ் நாட்டுக் குழுவான ‘கெல்ற்றிக் ஃபுரொஸ்ற்’ இப்படியொரு பெண் குரலைப் பயன்படுத்தியிருந்தது. 1995 இல் நோர்வேயின் ஸ்ரவாங்கர் நகரத்து ‘தியேற்றர் ஒஃப் ட்ரஜெடி’ இதை ஒரு சூத்திரமாகவே ஆக்கிவிட்டது. ஆண் உறுமுவான், பெண் உருகுவாள். அழகியும் மிருகமும் என்ற பழைய ஐரோப்பியக் கதையின் பெயராலேயே இச்சூத்திரத்தை ரசிகர்கள் அழைக்கிறார்கள்.

சூத்திரத்தில் பெண்ணுக்கு விடப்பட்ட வேலை என்ன? அழுவது. இழப்பு ஆணுடையது, கதை ஆணுடையது, பெரும்பாலும் வரிகளும் ஆணுடையவை. அவளது தொண்டை மட்டும் வாடகைக்கு எடுக்கப்படுகிறது. எமது ஊரில் இதற்கு மிகப் பொருத்தமான சொற்றொடர் இருக்கிறது: கூலிக்கு மாரடித்தல். செத்தவீட்டுக்குக் காசு கொடுத்து அழைக்கப்பட்ட பெண்கள் மார்பில் அடித்து அழுத வழக்கத்திலிருந்து வந்த இந்தச் சொற்றொடரை, மனமில்லாமல் வேலை செய்வதற்கு நாம் இழிவாகப் பயன்படுத்துகிறோம். அந்தப் பெண்களின் சாதி எது, அவர்கள் வீட்டுச் சாவுக்கு யார் அழுதார்கள் என்பதை இந்தச் சொற்றொடர் நமக்குச் சொல்வதில்லை. இது இருக்கட்டும்.

கூலி என்று நான் சொல்வது வெறும் உவமைக்காக அல்ல. லிவ் கிறிஸ்ரின் என்ற பாடகியின் குரலால்தான் ‘தியேற்றர் ஒஃப் ட்ரஜெடி’ உலகெங்கும் அறியப்பட்டது; 2003 இல் குழுவினர் அவரை நீக்கினார்கள். பின்லாந்தின் ‘நைற்விஷ்’ இதே வழியில் வந்து மிகப் பெரிய வெற்றி கண்ட குழு. 2005 ஒக்ரோபரில் ஹெல்சிங்கியில் நடந்த பெரும் நிகழ்ச்சி முடிந்த கையோடு, அதன் பாடகி தார்யா துருனனை நீக்குவதாக மற்றவர்கள் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். அதைப் பகிரங்கமாகவும் வெளியிட்டார்கள். சரி பிழை இரு பக்கமும் இருக்கலாம், எமக்கு அது தெரியவேண்டியதில்லை. குரல் ஒரு வாத்தியம், வாத்தியக்காரரை மாற்றலாம் என்ற எண்ணம் அங்கே இயங்குகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

இனி 1994 க்கு வருவோம். ‘த தேர்ட் அன்ட் த மோர்ட்டல்’ அந்த ஆண்டில் முதலில் ‘சொறோ’ என்ற சிறு தட்டையும், பிறகு ‘ரியர்ஸ் லெய்ட் இன் ஏர்த்’ என்ற முழு நீளத் தட்டையும் வெளியிட்டது. மேலே சொன்ன சூத்திரம் இறுகுவதற்கு முந்திய ஆண்டு அது. இந்தத் தட்டில் உறுமும் ஆண் இல்லை. மூன்று கிற்றார்கள் மெதுவாக, பாறை உருளும் வேகத்தில் நகர்கின்றன. அவற்றின்மேல் இளம் பெண்ணொருத்தி தனியாகப் பாடுகிறாள். ‘நைற்விஷ்’ஷை உருவாக்கிய துவோமாஸ் ஹொலொபைனன், தான் தொடங்கியபோது மனதில் இருந்த குழுக்களில் இதுவும் ஒன்று என்று சொல்லியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அரங்குகளை நிரப்பினார்கள். முன்னால் போனவர்களை இன்று அறிந்தவர்கள் மிகக் கொஞ்சம். இலக்கிய உலகில் எமக்கு இது புதிதல்ல.

காரியின் குரலை எப்படி விளக்குவது? ஒபெராக் குரல் அல்ல. நடுக்கம் இல்லை, மூச்சைக் காட்டும் வித்தை இல்லை. நேராக வந்து நிற்கும், சுரத்தின் முடிவில் சற்றே மேலே நெளிந்து அறுபடும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த நெளிவு கமகத்தின் தொலைதூர உறவாகப் படும். உறவில்லை என்று தெரிந்தும் படும். நோர்வேயின் மலைமேய்ச்சல் பண்ணைகளில் கோடைகாலத்தில் கால்நடைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். எட்ட நிற்கும் மாட்டைக் கூப்பிட அவர்கள் எழுப்பிய உயர்ந்த, நெடிய அழைப்பொலிகள் ஸ்கன்டிநேவிய நாட்டார் இசையில் தனி வகையாகவே பேணப்படுகின்றன. காரியின் குரலில் நான் கேட்பது அந்த வழியைத்தான். யாரையும் மயக்க எழுந்த குரல் அல்ல அது, தூரத்தைக் கடக்க எழுந்த குரல். தட்டின் முதற் பாட்டின் தலைப்பு ‘வன்ட்ரிங்’, அலைதல் என்று பொருள். இன்னொன்றின் தலைப்பு ‘லெங்செல்’, ஏக்கம். இறுதியில் வரும் ‘ஓஷியானா’ பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. பொறுமையில்லாதவர்கள் அதை விட்டுவிடலாம், நான் பலமுறை விட்டிருக்கிறேன்.

தலைப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மண்ணில் கிடத்திய கண்ணீர் என்று அதைத் தமிழாக்கலாம். ஆங்கில இசையை அறிந்தவர்களுக்கு அது ஹென்றி பர்செலின் ‘டைடோவும் ஈனியாசும்’ என்ற ஒபெராவின் இறுதிப் புலம்பலை நினைவூட்டாமல் இராது. 1689 இல் லண்டன் செல்சியில் பெண்பிள்ளைகள் பள்ளியொன்றில் அது மேடையேறியது. டைடோ யார்? இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரத்து அரசகுமாரி. கணவனைத் தன் சகோதரனே கொன்றதால் கடல் கடந்து ஓடி, வட ஆபிரிக்கக் கரையில் கார்த்தேஜ் நகரை நிறுவிய அகதி. இன்னொரு அகதியான ஈனியாஸ், தன் தேசத்தை நிறுவும் கடமை அழைக்கிறது என்று அவளைக் கைவிட்டுப் போகிறான். அவள் சாகிறாள். அவன் ரோமின் மூதாதையாகிறான். தேசம் ஒன்று எழுவதற்குப் பெண்ணொருத்தியின் புலம்பல் அடிக்கல்லாகிற இந்தக் கதையை, வேர்ஜில் எழுதி இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் எமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அந்தப் புலம்பலின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. அடியில் ஐந்து தாள அளவு கொண்ட ஒரு சிறு மெட்டு, அரைச்சுரம் அரைச்சுரமாகப் படியிறங்கி, முடிந்தவுடன் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பாட்டு முடியும்வரை அது மாறுவதில்லை. மேலே டைடோவின் குரல் அந்தச் சுற்றோடு ஒத்துப்போகாமல், அது முடியும் இடத்தில் தான் முடியாமல், தாண்டித் தாண்டிப் போகிறது. விதி கீழே சுழல்கிறது, பெண் மேலே அதனோடு பேசுகிறாள். ‘ரியர்ஸ் லெய்ட் இன் ஏர்த்’தில் கிற்றார்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பிளக் சபத்திலிருந்து வந்த, திரும்பத் திரும்ப ஒலிக்கும் கனத்த அடி மெட்டு. அதன்மேல் தன் பாட்டில் போகும் குரல். எங்கள் ஒப்பாரியிலும் அடி மெட்டு மாறுவதில்லை. அழுகிறவள்தான் வரிகளை நீட்டியும் குறுக்கியும், செத்தவனின் பெருமையோடு சேர்த்துத் தன் புகுந்த வீட்டுக் கணக்குகளையும் தீர்த்துக்கொள்கிறாள். வேறு எங்கும் பேச அனுமதியில்லாத பெண், பிணத்தின் முன்னே மட்டும் எவரையும் குற்றம் சாட்டலாம். ஒப்பாரியை வெறும் சோகப்பாட்டாகத் தொகுத்தவர்கள் இதை அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தட்டோடு காரி குழுவிலிருந்து விலகினார். அவரிடத்துக்கு ஆன்-மாரி எட்வார்ட்சன் வந்தார். 1996 இல் வந்த ‘பெயின்ரிங் ஒன் கிளாஸ்’ இன்னும் துணிச்சலான தட்டு என்று சொல்வோரும் உண்டு. எமக்கு வேண்டியது காரி அடுத்துச் செய்த வேலை.

1995 இல் ‘ஸ்ரோர்ம்’ என்ற பெயரில் மூவர் சேர்ந்து ‘நூர்டாவின்ட்’ (வடகாற்று) என்ற தட்டை வெளியிட்டார்கள். காரி ஒருவர். மற்ற இருவரும் நோர்வே பிளக் மெற்றலின் முக்கியமானவர்கள்: ‘சற்றிரிக்கன்’ குழுவின் சத்தியர், ‘டார்க்த்ரோன்’ குழுவின் ஃபென்ரிஸ். நோர்வேஜிய நாட்டார் பாடல்களைக் கனத்த கிற்றார்களில் போட்டுப் பாடுவது திட்டம். கேட்க நன்றாகவே இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஆண்கள் இருவரின் கரகரத்த கூட்டுக்குரலுக்கு மேலே காரியின் குரல் வெயில் போல் விழுகிறது.

அந்த ஆண்டுகளை மறந்துவிட்டு இந்தத் தட்டைக் கேட்க முடியாது. 1992 ஜூன் 6 ஆம் திகதி பேர்கனில் ஃபன்தொஃப்ற் என்னும் பழைய மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து வேறு தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஓகஸ்ற்றில் அந்த வட்டத்தினரில் ஒருவர் இன்னொருவரைக் கொன்றார். 1994 இல் கொலையாளிக்கு 21 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கிறிஸ்தவம் அந்நியம், எமது உண்மையான ஆன்மா அதற்கு முந்தியது என்ற பேச்சு, இனத்தூய்மைப் பேச்சோடு கைகோத்துக்கொண்டது. 1994 இல் வந்த டார்க்த்ரோன் தட்டொன்றின் பின்னட்டையில் அது ‘ஆரிய’ இசை என்று அறிவிக்கும் வாசகம் இருந்தது. பின்னர் நீக்கினார்கள், ஃபென்ரிஸும் பிற்காலத்தில் அந்நாளைய போக்குக்காக வருத்தம் தெரிவித்தார். ஆரியர் என்ற சொல்லை எதிர்த்து அரசியல் படித்த தமிழர்கள் ஒஸ்லோவில் உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

ஆனால் ‘நூர்டாவின்ட்’டின் வேர் இந்த இளைஞர்களின் வெறியை விடப் பழையது, மரியாதைக்குரியதும் கூட. நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கின் கீழும், 1814 முதல் 1905 வரை சுவீடனோடு இணைந்தும் கிடந்த நாடு நோர்வே. எழுத்து மொழி டேனிஷ். தனக்கென்று ஒரு தேசம் உண்டு என்று நிறுவ அதற்கு நாட்டார் பாட்டும் கிராமத்து மொழியும் தேவைப்பட்டன. 1853 இல் லான்ட்ஸ்தாட் என்ற பாதிரியார் தெலமார்க் பக்கத்து நாட்டார் பாடல்களை நூலாக்கினார். அதே ஆண்டில் லின்டமன் மலைப்பகுதி மெட்டுகளின் தொகுப்பை வெளியிடத் தொடங்கினார். விவசாயியின் மகனான இவார் ஓசன் 1840களில் ஊர் ஊராக நடந்து வட்டார வழக்குகளைச் சேகரித்து, 1848 இல் இலக்கணமும் 1850 இல் அகராதியும் எழுதி, ஒரு புதிய எழுத்து மொழியையே கட்டினார். அவர் எழுதிய பாட்டொன்றும் ‘நூர்டாவின்ட்’டில் இருக்கிறது. ஓசனின் வேலையைப் படிக்கும்போது, கலித்தொகையை 1887 இல் அச்சேற்றிய எமது சி.வை. தாமோதரம்பிள்ளையும், புறநானூற்றை 1894 இல் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரும் நினைவுக்கு வருவது இயல்பு. அழிந்துகொண்டிருந்ததைக் காத்த பெருவேலை அது. யார் அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று காத்தவர்களால் தீர்மானிக்க முடிவதில்லை.

‘நூர்டாவின்ட்’டில் பழைய பாடல்களோடு புதிய வரிகளும் கலந்திருந்தன. ‘ஒப்பி ஃபியெல்லெ’ (மலைமேலே) என்ற பாட்டில் பழைய மெட்டுக்குள் கிறிஸ்தவ வெறுப்பைச் செருகியிருந்தார்கள். தட்டு வந்தபின் காரி அதிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டார். அந்த வரிகள் பற்றித் தனக்குச் சரியாகத் தெரிவிக்கப்படவில்லை, தான் தவறாக வழிநடத்தப்பட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். ‘ஸ்ரோர்ம்’ இரண்டாவது தட்டை வெளியிடவில்லை.

இதை ஓர் இளம் பாடகியின் மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாட்டார் பாட்டுகளைப் பல தலைமுறைகளாக வாயில் காத்தவர்களில் பெரும்பங்கினர் பெண்கள். பாதிரியார்களும் இசையறிஞர்களும் அதை எழுதிக்கொண்டுபோய்த் தேசத்தின் சொத்தாக்கினார்கள். நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு இரண்டு இளைஞர்கள் அதை எடுத்துத் தம் கோபத்துக்கு உடுப்பாக்கினார்கள். அந்த உடுப்புக்கு ஒரு பெண் குரல் தேவைப்பட்டது. ஏனென்றால் பெண் பாடினால்தான் அது மண்ணின் குரலாக, தாயின் குரலாக, கட்சி கடந்த குரலாக ஒலிக்கும். ஆண் பாடினால் சுலோகம். பெண் பாடினால் பாரம்பரியம். காரி செய்தது, அந்த இடத்தில் நின்று, பாடியது என் தொண்டை, ஆனால் சொன்னது நானல்ல என்று அறிவித்தது.

இப்போது எமது பக்கம் திரும்பலாம். விடுதலை இயக்கப் பாடல்களின் கசற்றுகள் 80களிலும் 90களிலும் எமது வீடுகளில் ஒலித்தன. மொன்றியலின் பனிக்காலத்தில் வாகனங்களுக்குள் ஒலித்தன. அவற்றின் இசையில் உருகாதவர் எம்மில் குறைவு, இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உட்பட. அவற்றிலும் பெண் குரல்கள் உண்டு: மகனை அனுப்பும் தாய், அண்ணனை இழந்த தங்கை, துவக்கெடுத்த பெண். வரிகளை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். முதன்மையானவர் புதுவை இரத்தினதுரை, 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் சரணடைந்தபின் காணாமற்போனவர். அவருக்கு நேர்ந்த கொடுமையை மறந்து இதை எழுதவில்லை. ஆனாலும் கேட்கவேண்டியது கேள்விதான். மகனைப் போருக்கு அனுப்பும் தாய்க்கு மூலப்படிமம் புறநானூற்றின் 279 ஆம் பாட்டு; அதை எழுதியவர் ஒக்கூர் மாசாத்தியார், பெண். அந்தப் பாட்டில் வியப்பு இருக்கிறது, அச்சமும் இருக்கிறது, அந்தத் தாயின் துணிவைக் கொடியது என்று சொல்லும் இடமும் இருக்கிறது. எமது மேடைகளுக்கு வந்து சேர்ந்தபோது கொடியது என்ற சொல் உதிர்ந்துபோய், துணிவு மட்டும் மிஞ்சியது. ‘ஒப்பி ஃபியெல்லெ’யில் வரிகளைச் சேர்த்தார்கள், நாம் கழித்தோம்.

பெண்கள் தம் சொற்களைத் தாமே எழுதியபோது என்ன நடந்தது என்பதும் வாசகர்கள் அறிந்ததே. 1986 இல் யாழ்ப்பாணத்தில் ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பு வந்தது. அதில் எழுதிய சிவரமணி 1991 மே 19 அன்று, கைவசமிருந்த தன் கவிதைகளை எரித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். செல்வி 1991 ஓகஸ்ற் 30 அன்று விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார். 1992 இல் அவருக்குச் சர்வதேச பென் அமைப்பின் விருது கிடைத்தபோதும் அவர் விடுவிக்கப்படவில்லை, திரும்பி வரவுமில்லை. தாயாகவும் தங்கையாகவும் புலம்ப அழைக்கப்பட்ட குரலுக்கு ஒலிவாங்கி இருந்தது. தன் பெயரில் பேசிய குரலுக்கு இருக்கவில்லை. நோர்வேயின் ஒரு பாடகி விலகிவந்து, பேட்டி கொடுத்து, வீட்டுக்குப் போய் அடுத்த தட்டுக்குப் பாட்டெழுத முடிந்தது என்பதையும், எம்மவருக்கு அது முடியவில்லை என்பதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இரண்டையும் ஒப்பிட்ட எனக்கே கூச்சம் வருகிறது. அளவில் ஒப்பில்லை. ஆனால் பொறிமுறை ஒன்றுதான்.

தேசத்தைப் பாடுகிற பெண் எப்போதும் கூலிக்காரிதான் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது பிழை. நாம் வாழும் கியூபெக்கே அதற்குச் சாட்சி. ஜில் விக்னோ எழுதிய ‘மொன் பேயி’ என்ற பாட்டை 1965 இல் போலந்தின் சொப்பொற் இசைவிழாவில் பாடிப் பரிசுபெற்றவர் மொனிக் லெராக். ஓர் ஆணின் சொற்களை உலகுக்குக் கொண்டுபோன பெண் குரல். ஆனால் அதே தலைமுறையில் போலின் ஜூலியன் இருந்தார். 1964 இல் சார்லட்ரவுனில் எலிசபெத் மகாராணி முன்னிலையில் பாட மறுத்தார். 1970 ஒக்ரோபரில் போர்க்காலச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ ஐந்நூறு பேர் பிடிக்கப்பட்டபோது இவரும் மொன்றியலில் கைதானார். பிறர் பாடல்களைப் பாடித் தொடங்கியவர், பிறகு தானே வரிகள் எழுதினார். சுதந்திர கியூபெக் என்பது அவருக்கு யாரோ எழுதிக்கொடுத்த வேடமல்ல, அவரது சொந்த அரசியல். 1995 ஒக்ரோபர் 30 அன்று மக்கள் தீர்ப்பு ஒரு வீதத்துக்குச் சற்று மேலான இடைவெளியில் தோற்று, முதலமைச்சர் பரிசோ பணத்தையும் இனக்குழு வாக்குகளையும் பழிசொன்னபோது, அந்த இனக்குழு வாக்குகளுக்குள் நாமும் இருந்தோம். அந்த இரவிலிருந்து கியூபெக் தேசியத்தின் பாடல்களை எம்மில் பலரால் முன்போல் கேட்க முடியவில்லை. ஆனால் போலின் ஜூலியனின் குரலில் உள்ள நேர்மையை அதனால் மறுக்கவும் முடியவில்லை. தேசியம் நல்லதா கெட்டதா என்ற எமது வழமையான பட்டிமன்றத்துக்கு வெளியே, பாடுகிறவள் தன் வரிகளுக்குத் தானே பொறுப்பா என்ற வேறொரு கேள்வி இருக்கிறது என்பதைத்தான் சொல்லவருகிறேன்.

மொன்றியலில் அன்எக்ஸ்பெக்ட் வந்ததும் இந்தப் பின்னணியில்தான். மக்கள் தீர்ப்பு தோற்ற மறு ஆண்டில் தொடங்கிய குழு, ஆனால் அதனிடம் கொடியும் இல்லை, புலம்பலும் இல்லை. லெய்லிண்டெலின் குரல் ஒரே பாட்டுக்குள் குழந்தையாக, சூனியக்காரியாக, சர்க்கஸ் கோமாளியாக மாறுகிறது. அழுகிறவளின் கதிரையில் உட்கார மறுக்கிறது. இதே நகரில் 2004 இல் தொடங்கிய ‘த அகொனிஸ்ற்’ குழுவில் அலிசா வைற்-குளுஸ் இன்னொரு வழியில் போனார்: மிருகத்தின் உறுமலையும் அழகியின் பாட்டையும் தானே பாடினார். 2014 இல் சுவீடனின் ‘ஆர்ச் எனமி’ அவரைப் பாடகியாக அழைத்துக்கொண்டது. அந்தக் குழுவில் அவருக்கு முன்பிருந்து உறுமியவரும் ஏஞ்சலா கொஸோ என்ற பெண்தான். எனக்கு உறுமல் பிடிப்பதில்லை, யார் உறுமினாலும். ஆனால் சூத்திரம் உடைந்த சத்தம் அது என்பது தெரிகிறது.

காரி என்ன ஆனார்? 1997 இல் ‘ஸ்பின்டெல்சின்’ என்ற தனித் தட்டோடு வந்தார். அது நோர்வேஜிய மொழியில் பாடப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். ‘ஸ்ரோர்ம்’ அனுபவத்துக்குப் பிறகு அவர் ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம், சந்தையும் அதைத்தான் விரும்பியிருக்கும். அவர் அதே மொழியையும் அதே நாட்டார் சாயலையும் எடுத்துக்கொண்டு, கனத்த கிற்றார்களைக் கழற்றிவைத்துவிட்டு, தன் பாட்டுகளைத் தானே எழுதிப் பாடினார். மொழியை வெறியர்களிடம் விட்டுக்கொடுக்கவில்லை. 2014 இல் அவரும், லிவ் கிறிஸ்ரினும், 1995 இன் ‘மன்டிலியன்’ தட்டால் புகழ்பெற்ற டச்சுக் குழுவான ‘த கதரிங்’கின் முன்னாள் பாடகி அனெக்கே ஃபான் கீர்ஸ்பெர்கனும் சேர்ந்து ‘த சைரன்ஸ்’ என்ற பெயரில் மேடையேறினார்கள். குழுக்கள் இல்லை, பாடகிகள் மட்டும். ஒருவர் பழைய பாட்டை மற்றவர் பாடினார்.

எமது கசற்றுகளில் பாடிய பெண்களில் சிலராவது புலம்பெயர் நகரங்களில் வாழக்கூடும். அந்த வரிகள் அவர்களிடம் எப்போது, யார் கையால் வந்தன, மாற்றச் சொல்லிக் கேட்க முடிந்ததா, பாட மறுத்த பாட்டு ஏதும் உண்டா, இன்று தனியாக இருக்கும்போது எந்தப் பாட்டை முணுமுணுக்கிறார்கள் என்று அவர்களிடம் யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதியதை நான் இதுவரை வாசித்ததில்லை. இச்சஞ்சிகை அதற்குப் பக்கம் ஒதுக்குமானால், பதிவுக் கருவியோடு போய்வர நான் தயார்.